வேலை பழக வேலைக்குத்தான் போக வேண்டும்

மகனுக்கு 19 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. மூன்று வருடமாகப் பயிற்சி மையத்தில் காகிதக் கவர் ஒட்டுகிறான். கேட்டால் "இன்னும் தயாராகவில்லை" என்கிறார்கள். எவ்வளவு நாள் பொறுப்பது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது. கவர் ஒட்டி ஒட்டி ஒருவன் கவர் ஒட்டுவதில்தான் தேறுவான். அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் பொருத்திப் பார்ப்பது கஷ்டம். மையத்தின் அமைதியான அறையில் பழகியது, சத்தமும் அவசரமுமாக இருக்கும் கிடங்கில் கைகொடுக்காமல் போகலாம். அதனால்தான் 'முதலில் பயிற்சி, பிறகு வேலை' என்ற வரிசையை 1980களில் அமெரிக்காவில் திருப்பிப் போட ஆரம்பித்தார்கள். முதலில் வேலையில் சேர்ப்பது, பயிற்சியை அங்கேயே கொடுப்பது. 1996இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய 'ப்ராஜெக்ட் சர்ச்' திட்டத்தில் மாணவர்கள் பள்ளியின் கடைசி ஆண்டை வேலை இடத்திலேயே கழிக்கிறார்கள். வகுப்பும் அங்கேதான். நடுவே வெவ்வேறு பிரிவுகளில் மாறி மாறி வேலை பழகுகிறார்கள்.

மையத்திடம் "எப்போது தயாராவான்" என்று கேட்காதீர்கள். "எந்தத் தேதியில் நிஜமான வேலை இடத்துக்கு அழைத்துப் போவீர்கள்" என்று கேளுங்கள். பதில் வரவில்லையா, வேறு மையம் பாருங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை இடத்திலேயே வேலை பழக்கும் ஜாப் கோச்சாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுகிறார்களே?

சொல்வதைக் குறையுங்கள். ஒரு மருத்துவமனையின் துணிப் பிரிவில் ஒரு பெண்ணுக்கு டவல் மடிக்கப் பழக்கினேன். நான் பேசப் பேச, அவள் டவலை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அன்று இரவு மடிப்பதை ஏழு படிகளாக எழுதிப் பார்த்தேன். அவள் தடுமாறியது மூன்றாவது படியில் மட்டும். எதுவரை மடிப்பது என்று தெரியவில்லை. மறுநாள் மேசையில் ஒரு சிவப்பு டேப் ஒட்டினேன். ஓரத்தை டேப்பில் வைத்தாள், மீதியெல்லாம் தானாக வந்தது.

மார்க் கோல்ட் என்பவர் 1970களில், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு சைக்கிள் பிரேக்கின் பாகங்களைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தார், பேச்சைக் குறைத்தார். பிள்ளை தடுமாறினால் கொஞ்சம் காத்திருங்கள், பிறகு விரலால் காட்டுங்கள். வாய்ச்சொல் கடைசியில்தான்.

அப்புறம், சேர்ந்த நாளிலிருந்தே நீங்கள் விலகுவதற்கும் திட்டம் போடுங்கள். சந்தேகத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்கப் பழக்குங்கள். எல்லாவற்றுக்கும் நீங்களே பதில் சொன்னால், நீங்கள் வராத நாளில் வேலை நின்றுவிடும்.

பார்வை இல்லாத கல்லூரி மாணவன் நான். கம்ப்யூட்டர் பயிற்சிக்கு விலை உயர்ந்த மென்பொருள் வேண்டுமா?

வேண்டாம். 2006இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) இலவசம். தட்டச்சோடு நின்றுவிடாமல் மின்னஞ்சல், எக்ஸெல் இரண்டையும் அதிலேயே தினமும் செய்யுங்கள்.

காது கேளாத என் தங்கை, நேர்முகத் தேர்வில் அதைச் சொல்லலாமா?

என் கருத்து, சொல்லலாம். ஆனால் குறையை மட்டும் சொல்லி நிறுத்தாமல், என்ன ஏற்பாடு தேவை என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்: "சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும்", "வேலைகளை எழுத்தில் கொடுங்கள்" என்று. தேவையான நியாயமான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடுதான் என்கிறது 2006இன் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை. கேட்பது அவள் உரிமை, கெஞ்சல் இல்லை.

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. தனியாகப் பஸ்ஸில் அனுப்பத்தான் பயமாக இருக்கிறது.

பயம் இருக்கத்தான் செய்யும். பயணத்தையும் பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். சில நாள் கழித்து இரண்டு வரிசை பின்னால். அப்புறம் அவள் இறங்கும் நிறுத்தத்தில் நின்று காத்திருங்கள். ஒருநாள் வேண்டுமென்றே ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கச் சொல்லி, அங்கிருந்து உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். வழி தவறினால் என்ன செய்வது என்பதை, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவள் ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும்.