எயார்பேக் விளக்கு அணையாத பழைய காரை ஓட்டலாமா?
கிளிநொச்சியில் ஓடும் உங்கள் 2005ஆம் ஆண்டு ஜப்பானியக் காரில் எயார்பேக் விளக்கு அணையவில்லை என்கிறீர்கள். ஓட்டலாம், ஆனால் மோதினால் பை விரியாது என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். ஆசனப் பட்டியை ஒருபோதும் விடாதீர்கள்.

என் கவலை வேறு. அக்காலக் கார்கள் பலவற்றில் டகாட்டா நிறுவனத்தின் பைகள் இருந்தன. அவற்றை ஊதவைக்கும் அமோனியம் நைட்ரேட், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுவிடும். அப்படிக் கெட்டது வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் முகத்தில் பாயலாம். வன்னி வெயிலுக்கும் மாரிக்கும் சொல்லவே வேண்டாம். சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து, தயாரிப்பாளரின் மீளழைப்புப் பட்டியலில் (பழுதைத் திருத்தத் திரும்ப அழைத்த கார்களின் பட்டியல்) உங்கள் கார் உள்ளதா என்று பாருங்கள். கழற்றி விற்கும் பழைய பை மலிவுதான், வாங்காதீர்கள்.

ஸ்டியரிங்கிலிருந்து நெஞ்சு 25 சென்ரிமீற்றராவது தள்ளியிருக்கட்டும். ஏ9 வீதியில் இரவில் மாடு குறுக்கிடும், வேகத்தைக் குறையுங்கள். பிள்ளைகளைப் பின்னால் இருத்துங்கள்.