கதைத்து என்ன பயன்? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

மாகாண சபை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எனக்கு 26 வயது, ஊர் மூதூர்ப் பக்கம். கிழக்கு மாகாண சபைக்கு நான் இதுவரை ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. நீங்களோ விவாதம், கலந்துரையாடல், சீர்திருத்தம் என்றே எழுதுகிறீர்கள். இலங்கையில் கதைத்துக் கதைத்தே காலம் போகிறது. துணிந்த தலைவர் ஒருவர் வந்து சட்டத்தை ஒரே நாளில் மாற்றினால் போதாதா?

*

அன்புள்ள தம்பி,

ஒரே நாளில் மாற்றியதால்தான் நீங்கள் இன்னும் வாக்களிக்காமல் இருக்கிறீர்கள். அந்த நாள் 2017 செப்டம்பர் 20. மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தபோது அதில் இருந்தது வேட்புமனுவில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு. நாடாளுமன்றத்தில் குழுநிலையில், அதாவது சட்டமூலத்தை வாசகம் வாசகமாகப் பார்க்கும் கட்டத்தில், பக்கம் பக்கமாகத் திருத்தங்களைச் சேர்த்து, தேர்தல் முறையையே விகிதாசாரத்திலிருந்து (கட்சி பெறும் வாக்கின் அளவுக்கு ஆசனம்) கலப்பு முறைக்கு (ஒரு பகுதி ஆசனம் தொகுதிவாரியாக, மிகுதி விகிதாசாரமாக) மாற்றி, அன்றைக்கே நிறைவேற்றிவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் எங்கள் சபையின் பதவிக்காலமும் முடிந்தது. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை, கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. 2012இல் தெரிவான 37 பேர் இருந்து பேசிய இடத்தை இன்று திருகோணமலையில் இருந்துகொண்டு ஆளுநர் தனியாக நடத்துகிறார்.

சட்டமூலம் நாடாளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சிநிரலில்) ஏறிய நாளிலிருந்து குறித்த சில நாட்களுக்குள், அது அரசியலமைப்புக்கு முரண் என்று எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். குழுநிலையில் சொருகிய திருத்தத்துக்கு அந்தச் சில நாட்களும் இல்லை. சபாநாயகர் கையெழுத்து வைத்துவிட்டால் அப்புறம் அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது, அரசியலமைப்பே அப்படித்தான் சொல்கிறது. அதனால்தான் முன்கூட்டியே கதைக்க வேண்டும் என்று கத்துகிறேன். 2010இல் அரசியலமைப்பின் 18ஆம் திருத்தத்தை அவசர சட்டமூலமாகக் கொண்டுவந்து ஜனாதிபதியின் இரண்டு தவணை வரம்பை எடுத்ததும் இதே அவசரம்தான். அந்த வரம்பைத் திரும்பக் கொண்டுவர 2015 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் மீனவர் சங்கக் கூட்டத்தைப் பாருங்கள். செயலாளர் போன கூட்ட அறிக்கையை வாசிப்பார், பின்வரிசையில் ஒருவர் எழும்பி "நான் அப்படிச் சொல்லேல்லை, சுருக்குவலையைப் பற்றி நான் சொன்னது வேற" என்பார், கொஞ்ச நேரம் சத்தம், பிறகு அந்த வரியை வெட்டித் திருத்தி எழுதி, ஒருவர் முன்மொழிய ஒருவர் வழிமொழிவார். கோபித்துக்கொண்டு போனவரும் அடுத்த மாதம் வருகிறார், ஏனென்றால் அவர் சொன்னது கொப்பியில் இருக்கிறது. நாடாளுமன்றத்திடம் நான் கேட்பதும் இவ்வளவுதான்: மாற்றத்தை முன்கூட்டியே காட்டுங்கள், மறுப்பை எழுதிக்கொள்ளுங்கள், பிழையென்றால் திருத்துங்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? சின்னத் திருத்தம் ஒன்றால் பழைய விகிதாசார முறைக்குத் திரும்பி முதலில் தேர்தலை வைக்க வேண்டும், பெண்களுக்கான ஒதுக்கீட்டைக் கைவிடாமல். எல்லையைப் பற்றிய சண்டையைப் பிறகு ஆறுதலாகப் போடலாம், போடத்தான் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறோம். மூதூருக்கும் வெருகலுக்கும் இடையில் ஒரு எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலே யாருக்கோ ஒரு ஆசனம் போகும். அந்த எல்லைக்கோட்டைக் கொழும்பில் ஒரு மேசையில் கீறிவிட்டு முடிந்தது என்று சொல்ல விடக்கூடாது. வரைபடத்தை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் மூன்று மொழியிலும் ஒட்டட்டும், சனம் வந்து பார்த்துத் தங்கள் மறுப்பை எழுதட்டும், ஏன் ஏற்றோம், ஏன் ஏற்கவில்லை என்று எல்லை நிர்ணய ஆணைக்குழு எழுத்தில் பதில் தரட்டும்.

மூதூர்த் தொகுதி எல்லை எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதைக் காரணத்தோடு எழுதி அனுப்புங்கள். கிண்ணியாவிலிருந்தும் சேருவிலவிலிருந்தும் வாசிப்பவர்களிடமும் இதையே கேட்கிறேன். எனக்கு உடன்பாடில்லாததையும் ஒரு வரி வெட்டாமல் இங்கே போடுவேன்.