கடல் ஏறுவதும் இறங்குவதும் புதிதா?

கேள்வி: எங்கள் குப்பத்தில் கடலோர வரிசை வீடுகள் எல்லாம் போய்விட்டன. என் மாமனார், "கடல் ஏறும், இறங்கும். பூமி பார்க்காத சூடா, குளிரா?" என்கிறார். காலநிலை எப்போதுமே மாறிக்கொண்டுதான் இருந்தது என்றால், இப்போது மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?
– தேவி, திருவொற்றியூர்

பதில்: உங்கள் மாமனார் சொல்வதில் பாதி முழு உண்மை அம்மா. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் ஆழம் அளக்கும் கணக்கில் 65 பாகம். இன்று உங்கள் ஆட்கள் வலை விடுகிற இடத்தில் பாதிக்கு மேல் அப்போது தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம்.

இன்னும் பின்னால் போனால், சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டு தென் துருவத்துப் பக்கம் கிடந்தது. ஒடிசாவின் தால்சேரில் அதற்குச் சாட்சி இருக்கிறது. நிலவியல் படித்த காலத்தில் அங்கே எடுத்த கல் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு முகம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து, அதன்மேல் ஒரே திசையில் கீறல்கள். பனியாறு தன் அடியில் வைத்து இழுத்துக்கொண்டு போன கல் அது. நம் நாட்டின் வெயிலில் நின்றுகொண்டு அதைப் பார்த்த ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, மாமனார் விட்டுவிட்ட மீதிப் பாதி என்பது மாற்றத்தின் வேகம். கடைசிப் பனியுகம் விலகியபோது பூமி ஐந்து டிகிரி அளவுக்குச் சூடாக ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆயின. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறியதில் தொடங்கியது அது. இப்போது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. அண்டார்டிகா பனிக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகளை அளந்திருக்கிறார்கள். தொழிற்சாலைக் காலத்துக்கு முந்தைய 8 லட்சம் ஆண்டுகளில், சூட்டைப் பிடித்து வைக்கும் கார்பன் டை ஆக்சைடு காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு என்ற அளவைத் தாண்டியதில்லை. இன்று 420-ஐத் தாண்டி நிற்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். தால்சேரில் அந்தக் கீறல் கற்களுக்கு மேலடுக்கில்தான் நிலக்கரி இருக்கிறது. பனி விலகியபின் வளர்ந்த காடுகள் மண்ணுக்குள் புதைந்து ஆனது. அந்தக் கரிதான் ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூருக்கு வந்து அனல்மின் நிலையத்தில் எரிகிறது. காடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் காற்றிலிருந்து எடுத்துப் பூட்டி வைத்ததை நாம் சில தலைமுறைக்குள் திருப்பிவிடுகிறோம்.

ஆனால் உங்கள் வீடுகள் போனதற்கு இதை மட்டும் காரணம் சொன்னால் அது நியாயமில்லை. நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19-ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து உங்கள் பக்கம் வரை கரை அரித்தது. கல் கொட்டினார்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு போட்டார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது.

கடந்த நூறு ஆண்டுகளில் உலகக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறியிருக்கிறது, வேகமும் கூடுகிறது. மணல் இழந்த கரையில் அதுவும் சேர்ந்தால் அலை இன்னும் உள்ளே வரும். அடுத்த முறை தூண்டில் வளைவு போட அதிகாரிகள் வந்தால், எந்தக் கடல்மட்டத்தை வைத்து உயரம் போட்டார்கள், மணல் வடக்கே போக என்ன வழி விட்டார்கள் என்று இரண்டையும் கேளுங்கள். மாமனாரையும் கூட அழைத்துப் போங்கள். அந்தக் கரை முன்பு எங்கே இருந்தது என்று அவரால்தான் கைகாட்ட முடியும்.