விமர்சன வீடியோவுக்கு ஸ்ட்ரைக் விழுந்தால்…

கேள்வி: அரசியல் சர்ச்சையில் சிக்கிய ஒரு படத்தை விமர்சித்து யூடியூபில் 20 நிமிட வீடியோ போட்டேன். சொல்வதற்கு ஆதாரமாக நடுநடுவே படத்தின் காட்சிகளைச் சேர்த்திருந்தேன். தயாரிப்பு நிறுவனம் காப்பிரைட் ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறல் என்ற புகாரால் சேனல் மீது விழும் எச்சரிக்கை) கொடுத்து வீடியோவைத் தூக்கிவிட்டது. பணம் கொடுத்தால் ஸ்ட்ரைக்கை எடுத்துத் தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். ஸ்ட்ரைக் கொடுத்தவரே அதைத் திரும்பப் பெறலாம். ‘என் வீடியோவைத் தவறாக நீக்கிவிட்டார்கள்’ என்று நீங்கள் யூடியூபுக்கு எதிர் அறிவிப்பு அனுப்பலாம். இல்லையென்றால் யூடியூப் வைக்கும் காப்பிரைட் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் காத்திருக்கலாம். இவ்வளவுதான் வழி. ‘உள்ளே நம்ம ஆள் இருக்கார்’ என்பவர் அடுத்து உங்கள் பாஸ்வேர்டைக் கேட்பார். பணத்தோடு சேனலும் போகும்.

சரி, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா? இருக்க வாய்ப்பு அதிகம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பிலிருந்து நியாயமாக எடுத்தாள இடம் தருகிறது. 7 விநாடி, 30 விநாடி என்று ஊரில் சுற்றும் கணக்கு எதுவும் அதில் கிடையாது.

கேரளத்தில் ஒரு வழக்கு நடந்தது. தோப்பில் பாசியின் ‘நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி’ 1952-ல் மேடையேறிய புகழ்பெற்ற இடதுசாரி நாடகம். அதை விமர்சித்து சிவிக் சந்திரன் ஓர் எதிர் நாடகம் எழுதினார். மூலத்தின் பாத்திரங்களையும் வசனங்களையும் நிறையவே எடுத்துக்கொண்டார். 1996-ல் கேரள உயர் நீதிமன்றம், எடுத்தது விமர்சனத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு, எதற்காக எடுத்தார், மூலத்துக்குப் போட்டியாகுமா என்று பார்த்துவிட்டு எதிர் நாடகத்தின் பக்கம் நின்றது. உங்கள் வீடியோவையும் அப்படியே பாருங்கள். ஒரு காட்சியைக் காட்டி, அங்கேயே நிறுத்தி, அதில் என்ன கோளாறு என்று பேசியிருந்தால் நல்லது. க்ளைமாக்ஸை முழுசாக ஓடவிட்டு இரண்டு வரி திட்டியிருந்தால் அது விமர்சனம் ஆகாது. படம் பொய் சொல்கிறது, மக்களைப் பிரிக்கிறது என்ற உங்கள் கோபத்துக்கு இந்தச் சட்டத்தில் தனிச் சலுகை இல்லை. படத்தைப் புகழ்பவருக்கும் இதே விதிதான்.

வீடியோவுக்குக் கீழே ‘பிரிவு 107’ என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி ஒட்டியிருப்பீர்களே? அது நியாயமான பயன்பாடு பற்றிய அமெரிக்காவின் 1976-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப் பிரிவு. நம் ஊர் நீதிமன்றத்தில் அதற்கு வேலையில்லை. ‘கிரெடிட் கொடுத்துவிட்டேன்’ என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

எதிர் அறிவிப்பு அனுப்பினால் உங்கள் முழுப்பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். தெருவில் கொடி பிடிக்க வைத்த படம் என்றால் இதை லேசாக எடுக்காதீர்கள். வக்கீல் மூலம் அனுப்புங்கள். அதன்பின் 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் அவர்கள் கோர்ட்டுக்குப் போனதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ பெரும்பாலும் திரும்பிவிடும். தூக்குவதற்கு ஒரு படிவம் போதும், திரும்ப வாங்க வாரக்கணக்கு! படத்தைப் பற்றிய பேச்சே ஓய்ந்தபின் விமர்சனம் வந்து யாருக்கு என்ன லாபம்? இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்.

அதுவரை அந்த வீடியோவை அழிக்காதீர்கள், அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது. வேறு பெயரில் மறுபடி ஏற்றவும் வேண்டாம். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலையே மூடிவிடுவார்கள்.