பழைய கேமை ஏன் எடுத்தீர்கள்?

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் பல வருஷமாக கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறான். அதன் இரண்டாம் பாகத்தைக் கம்பெனி காசு வாங்காமலே கொடுத்தது. சேர்த்து வைத்திருந்த ஸ்கின்கள் (துப்பாக்கிக்குப் போடும் அலங்காரங்கள்) கூட அப்படியே வந்துவிட்டனவாம். அப்படியும் வீட்டுக்கு வந்தால் ஒரே புலம்பல். புதுசு வேண்டும் என்பதும் இவர்கள்தான், வந்ததும் திட்டுவதும் இவர்கள்தான். இந்த ரசிகர்களுக்கு என்னதான் வேண்டும்?
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: பழைய கேம் வேண்டும். புதுசு வரட்டும், பழசும் இருக்கட்டும் என்கிறார்கள். 'காசு வாங்காமலே கொடுத்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். எதை எடுத்துக்கொண்டு கொடுத்தது என்று அவனிடம் கேட்டீர்களா?

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பிரௌசிங் சென்டர்கள் நிறைந்திருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ரிசல்ட் பார்க்க, அப்ளிகேஷன் போட என்று நாம் போவோம். உள்ளே கடைசி வரிசையில் பையன்கள் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடிக்கொண்டிருப்பார்கள். 2003-ல் வந்த பதிப்பு அது. டஸ்ட் 2 என்ற மேப் (சண்டைக் களம்), இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். "பி-யில ரெண்டு பேர்டா!" என்று ஒருவன் கத்தினால் எதிர் டீமுக்கும் சேர்த்துக் கேட்கும். 2004-ல் அடுத்த பதிப்பு 'சோர்ஸ்' வந்தது. 2012-ல் 'குளோபல் அஃபென்சிவ்' வந்தது. அந்தப் பழைய கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் அவற்றைத் தாங்கியிருக்காது. அதற்காக ஒருவரும் அழவில்லை. 1.6 அதே கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. முடிந்தவன் புதுசுக்குப் போனான், மற்றவன் இருந்த இடத்திலேயே ஆடினான்.

2023 செப்டம்பர் 27 அன்று நடந்தது வேறு. 'கவுன்டர் ஸ்ட்ரைக் 2' தனி கேமாக வரவில்லை. அப்டேட்டாக வந்து, பதினோரு வருஷம் ஆடிய 'குளோபல் அஃபென்சிவ்' இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. எதிரிகளை வீழ்த்த வீழ்த்தத் துப்பாக்கி மாறும் ஆர்ம்ஸ் ரேஸ் மோடு (ஆட்ட வகை) அன்றைக்கு இல்லை, அடுத்த பிப்ரவரியில்தான் திரும்பியது. கடைசிவரை பிழைத்தவர் ஜெயிக்கும் டேஞ்சர் ஜோன் மோடும் இல்லை. ட்ரெயின் மேப்புக்கு 2024 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேக் கம்ப்யூட்டர், பழைய 32 பிட் கம்ப்யூட்டர், டைரக்ட்எக்ஸ் 9 என்ற பழைய கிராபிக்ஸ் மென்பொருள் வைத்திருந்தவர்களை மொத்தமாக வெளியே நிறுத்தினார்கள். அவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் ஆடுபவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதானாம். கம்பெனி சொன்ன காரணம் இது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டரில் ஆடுகிற பையன்கள் நம் மாவட்டத்தில் நிறைய. கணக்கில் அவர்கள் சின்னப் பின்னம், அவ்வளவுதான். பழைய பதிப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், ஆனால் அதற்கான ஆதரவு 2024 ஜனவரி 1-ஓடு முடிந்தது.

ரசிகர்கள் எதையும் ஏற்க மாட்டார்கள் என்பது உண்மையே இல்லை. புகைக் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கேமில் ஒரு சுவர் மூலையில் ஒட்டி நின்று, எதிரே கூரையில் உள்ள ஒரு கறையைக் குறிவைத்து, குதித்துக்கொண்டே வீசினால் புகை எங்கோ கண்ணுக்குத் தெரியாத வாசலில் போய்க் கச்சிதமாக விழும். இப்படி ஒவ்வொரு மேப்புக்கும் டஜன் கணக்கில் இடங்களை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். பாகம் 2-ல் அந்தப் புகையே மாறிவிட்டது. இப்போது அது அறையின் வடிவத்துக்கு ஏற்ப நிரம்புகிறது, சுட்டால் வழி விடுகிறது, கையெறி குண்டு வெடித்தால் ஒரு கணம் விலகி மூடுகிறது. நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள், புதிதாகவும் கற்றுக்கொண்டார்கள். கோபம் வந்தது வேறு இடத்தில். ஓடி நின்று சுடும்போது கைக்குப் பழகிய அந்த உணர்வு மாறியது. நகர்ந்த, சுட்ட சரியான கணத்தைப் பதிவு செய்யும் சப்-டிக் என்ற புது முறையில், சுவருக்குப் பின்னால் போய் மறைந்த பிறகும் செத்ததாகக் காட்டுகிறது என்றார்கள். ஏமாற்றி ஆடுபவர்களை விரட்டுங்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் பழகிய கை சொல்வதைப் புலம்பல் என்று ஒதுக்காதீர்கள்.

இதைவிட மோசமாக ரசிகர்களை நடத்திய கதையும் உண்டு. 'ஓவர்வாட்ச்' 2016-ல் காசு கொடுத்து வாங்கிய, டீமாக ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம். இரண்டாம் பாகத்தை 2019-ல் அறிவித்தபோது காட்டிய பெரிய ஆசை, கூட்டாளிகளோடு சேர்ந்து ஆடும் கதைப் பகுதி. 2022 அக்டோபரில் இரண்டாம் பாகம் வந்தது, முதல் பாகம் மூடப்பட்டது. ஆறு பேர் டீம் ஐந்து பேர் ஆனது. 2023 மே மாதம், அந்தக் கதைப் பகுதியில் பிரதானமாகச் சொன்ன ஹீரோ மிஷன்களையே கைவிட்டதாக அறிவித்தார்கள். எதற்காகப் பழையதை மூடினார்களோ, அதுவே வரவில்லை. அந்த ஆகஸ்டில் ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்துக்கு வந்தபோது வாங்கிய வசவு முழுக்க நியாயமானது.

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2005-ல் வந்த 'கில்ட் வார்ஸ்' என்ற ஆன்லைன் கேம் 2012-ல் இரண்டாம் பாகம் கண்டது. முதல் பாகத்தை மூடவில்லை. அதில் சாதித்தவற்றை ஒரு நினைவு மண்டபத்தில் வைத்தால், இரண்டாம் பாகத்தில் அதற்கேற்ற ஆயுதமும் பட்டமும் கிடைக்கும். நீ ஏழு வருஷம் ஆடினாய், எங்களுக்குத் தெரியும் என்று சொன்ன மாதிரி. 'ரூன்ஸ்கேப்' என்ற ஆன்லைன் கேமின் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. கேமை மாற்றிக்கொண்டே போய் ஆட்களை இழந்த பிறகு, 2007-ல் எடுத்து வைத்திருந்த பேக்கப்பைத் தூசி தட்டி 2013-ல் தனி கேமாகத் திறந்தது. அதில் புதிதாக எதைச் சேர்த்தாலும் ஆடுபவர்களிடம் ஓட்டு. முதலில் எழுபத்தைந்து சதவீதம் சம்மதித்தால்தான் சேரும் என்று வைத்தார்கள், பிறகு எழுபது ஆக்கினார்கள். ரசிகனுக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லையா? கேட்டால் சொல்லிவிடுகிறான்.

உங்கள் பாலக்கோட்டுப் பையன்களையே கேளுங்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பழைய ஐடி வருமா?" கிராபிக்ஸ் எப்படி என்பதெல்லாம் அப்புறம். அந்த ஐடியில்தான் லாக்டவுனில் சேர்ந்து ஆடிய நண்பர்களின் பெயர்கள் இருந்தன. ஒருவன் திருப்பூருக்குப் போய்விட்டான், இன்னொருவன் பெங்களூரில். இரவு பத்து மணிக்கு அவர்களைச் சந்திக்கும் இடம் அந்தக் கேமின் எராங்கெல் மேப்தான். பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி வைத்ததால் அவர்கள் மறுபடி சேர்ந்தார்கள்.

அக்கா மகன் அடுத்த முறை வரும்போது எந்த மோடு போனது, யாரோடு ஆடிக்கொண்டிருந்தான், அவர்களில் எத்தனை பேருடைய கம்ப்யூட்டர் பாகம் 2-ஐத் தாங்கியது என்று உட்கார வைத்துக் கேளுங்கள். 'என்னதான் வேண்டும்' என்ற உங்கள் கேள்விக்கு என்னைவிட விவரமாக அவனே பதில் சொல்வான்.