யூகலேலிக்குப் புதுப் பிருடை: கேள்வி பதில்

பிருடை என்றால் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகி. ஒரே சோப்ரானோவில், அதாவது சின்ன அளவு யூகலேலியில், உராய்வு, கியர், பிளானட்டரி என்று மூன்று வகைப் பிருடைகளை மாற்றி மாற்றி மாட்டி வாசித்துப் பார்த்தேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கே: பழைய உராய்வுப் பிருடை நழுவுகிறது. பத்து நிமிடத்தில் சுருதி இறங்கிவிடுகிறது. மாற்றிவிடலாமா?

ப: அதற்கு முன்னால் பிடியின் முனையில் உள்ள சின்ன ஸ்க்ரூவைக் கொஞ்சமாக முடுக்கிப் பாருங்கள், அரைக்கால் சுற்று போதும். இந்த வகையில் பல்சக்கரமே கிடையாது, அந்த ஸ்க்ரூவின் அழுத்தம்தான் தந்தியைப் பிடித்து வைக்கிறது. என்னிடம் வந்த ஒன்றில் யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள்; கையை எடுத்ததும் பிடி தானாகப் பின்னால் சுழன்றது. கழற்றி வாஷர்களைத் துடைத்த பிறகுதான் நின்றது. உராய்வுப் பிருடைக்கு எண்ணெய் விடவே விடாதீர்கள்.

முடுக்கியும் நழுவினால் மாற்றுங்கள். ஆனால் துளையின் விட்டம், தலைப்பலகையின் தடிமன் இரண்டையும் வெர்னியர் அளவியில் அளந்த பிறகு வாங்குங்கள்.

கே: கியர் பிருடையில் 14:1, 18:1 இரண்டில் எது சுருதியை நன்றாகப் பிடிக்கும்?

ப: இரண்டும் ஒன்றுதான். 14:1 என்றால் பிடியை 14 முறை சுற்றினால் தந்தி சுற்றியிருக்கும் தண்டு ஒரு முறை சுற்றும், அவ்வளவுதான் அந்த எண். இதில் இருக்கும் வார்ம் கியரை, அதாவது திருகு மரை பல்சக்கரத்தைத் திருப்பும் அமைப்பை, தந்தியின் இழுவை பின்னால் திருப்ப முடியாது. 18:1 என்றால் இன்னும் நுணுக்கமாகச் சேர்க்கலாம், புதுத் தந்தி மாட்டும்போது கை வலிக்கும்.

கே: போன வாரம் புதுத் தந்தி போட்டேன், தினமும் இறங்குகிறது. எந்தப் பிருடை வாங்கட்டும்?

ப: எதுவும் வேண்டாம். நைலானும் ஃப்ளோரோகார்பனும் இழுபட்டு நிலைக்கச் சில நாட்கள் ஆகும்.

கே: உராய்வுப் பிருடைதான் யூகலேலிக்கு அழகு. கியர் போட்டால் பிடிகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு காது முளைத்த மாதிரி இருக்கிறது.

கே: அழகைப் பார்த்தா வாசிக்கிறோம்? கியர் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ப: இந்தச் சண்டையில் நானும் சேர்கிறேன். சோப்ரானோவின் தந்தி நீளம் சுமார் 13 அங்குலம். இவ்வளவு குட்டைத் தந்தியில் பிடியைத் துளி திருப்பினாலும் சுருதி துள்ளும். உராய்வு வகை 1:1 என்பதால் 440 ஹெர்ட்ஸில் ஏ தந்தியை நிறுத்துவதற்குள் நான் நாலு முறை தாண்டிப் போயிருக்கிறேன். கியர் மாட்டியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது, ஆனால் தலை கனத்துவிட்டது. வார் போடாமல் வாசிப்பவன் நான். இடது கை ஸ்வரம் பிடிப்பதோடு கழுத்தையும் தாங்க வேண்டியிருந்தது, அரை மணியில் கட்டைவிரல் கடுத்தது. கடைசியில் பிளானட்டரி வகைக்குப் போனேன், உள்ளுக்குள்ளேயே சின்னப் பல்சக்கரங்கள் உள்ள நேர்ப் பிருடை அது. கோட்டோ நிறுவனத்தின் யுபிடி மாடல் போன்றவை 4:1. பிடி பின்பக்கமே நீட்டிக்கொண்டிருக்கும், காது முளைக்காது, கையும் நிதானமாகத் திரும்பும். சோப்ரானோவுக்கு என் ஓட்டு அதற்குத்தான். டெனார் பெரிய வாத்தியம், கியரின் எடை அங்கே உறுத்தவில்லை.

கே: பிளானட்டரிக்குத் துளை சின்னதாக இருக்கிறது. ட்ரில் போடலாமா?

ப: வேண்டாம். இருக்கிற துளைக்குள் ட்ரில் பிட் கவ்வி, விளிம்பைப் பிய்த்துவிடும். துளையைச் சீவிப் பெரிதாக்கும் ரீமரைக் கையால் திருப்பி, இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள், ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை பிருடையை நுழைத்துப் பாருங்கள். கியர் வகையின் பொடி ஸ்க்ரூக்களுக்கு முன்துளை போட்டு, மரையைச் சோப்பில் தேய்த்து முடுக்குங்கள். இல்லாவிட்டால் தலை முறிந்து தண்டு மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

கே: கியரின் பிடி தண்டுக்கு மேலேயா, கீழேயா?

ப: கீழே, உடல் பக்கமாக. அப்போது தந்தியின் இழுவை பற்களை இறுக்கிச் சேர்க்கும்.

கே: எனக்கும் சுருதி நிற்கவில்லை, பிருடை மாற்றட்டுமா?

ப: ஸ்க்ரூ, தந்தி இரண்டையும் மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

கே: ஒலிபெருக்கியில் இணைக்கப் பிக்கப் வைக்க எது நல்லது?

ப: அந்த வேலை தெரிந்தவரைக் கேளுங்கள்.

கே: கியர் மாட்டியும் பயனில்லை. திருப்பும்போது ஒன்றும் ஆகாமல், திடீரென்று 'டிங்' என்று சுருதி தாவுகிறது. இதையும் மாற்றட்டுமா?

ப: பிருடையைத் தொடாதீர்கள். கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் பட்டைதான் நட்டு, அதன் பள்ளத்தில் தந்தி சிக்குகிறது. தந்தியைத் தளர்த்தி விலக்கி, பென்சில் முனையால் அந்தப் பள்ளத்தில் நாலைந்து முறை தேய்த்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள்.