இறால் பண்ணைக் கழிவுநீரும் கேணி உப்பான தேதியும்

கேள்வி: தொண்டி பக்கம் எங்கள் ஊர். இறால் பண்ணைக்காரர் குட்டையை வடிக்கும்போதெல்லாம் தண்ணீரை எங்கள் கொல்லையோர ஓடையில்தான் விடுகிறார். கேணி உப்பாகி இரண்டு வருடம் இருக்கும், தென்னை காய்கிறது. கலெக்டரிடம் மூன்று மனு கொடுத்தும் பயனில்லை. ஊர்ப் பெரியவர்களும் அவர் பக்கம். பசுமைத் தீர்ப்பாயம் போகலாமா?

பதில்: பெரியவர்கள் யார் பக்கம் என்பது தீர்ப்பாயத்துக்குத் தேவையில்லை. கேணி முதன்முதலில் உப்பானது எந்த மாதம்? வழக்கு அதில்தான் நிற்கிறது.

பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில், சுற்றுச்சூழல் தகராறைத் தீர்க்கக் கேட்கும் 14-ஆம் பிரிவில் கெடு, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள், அவ்வளவுதான். உங்களுக்கு அது போய்விட்டது. இழப்பீடும், கேணியையும் நிலத்தையும் பழையபடி சீராக்கித் தருவதும் கேட்டு 15-ஆம் பிரிவில் போங்கள். அதற்கு 5 வருடம். கேட்கும் இழப்பீட்டில் 1 சதவீதம் கட்டணம் என்பதால், தொகையைக் கோபத்தில் ஏற்றாதீர்கள்.

பலர் விழும் குழி, பழைய மனுக்கள். ஒன்றில் 'இரண்டு வருடமாக', அடுத்ததில் ஆத்திரத்தில் 'ஏழெட்டு வருடமாக' என்று எழுதிவிடுவார்கள். எதிர்த்தரப்பு தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கி, "இவரே சொல்கிறார், 5 வருடம் தாண்டிவிட்டது" என்று நீட்டும். மூன்று மனுவையும் எடுத்து வைத்துப் படித்துவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

அடுத்து, "கடலோரக் கேணி, இயல்பிலேயே உப்பு" என்பார்கள். நம் கரையில் அது பாதி உண்மை என்பதால் எடுபடும். பண்ணை வருமுன் குடிநீர் வடிகால் வாரியத்தில் தண்ணீர் சோதித்த சீட்டு இருந்தால் அதுவே பலம். இல்லையென்றால் ஓடைக்குத் தள்ளியிருக்கும் பக்கத்துக் கேணியின் தண்ணீரையும் சேர்த்துச் சோதியுங்கள். காய்ப்பு எப்போதிருந்து குறைந்தது என்று காட்ட, தேங்காய் விற்ற ரசீதுகளைத் தேடுங்கள். நீங்களே பாட்டிலில் பிடித்த ஓடைத் தண்ணீர் நிற்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பண்ணைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட வேண்டும்.

ஆனாலும் பேசி முடிப்பதே நல்லது. தீர்ப்பு வரும்வரை தென்னை காத்திருக்காது. வடிகாலை மாற்றுவது, புது ஆழ்துளைக் கிணறு, பட்ட மரங்களுக்குப் பணம், இந்த மூன்றையும் கேளுங்கள். பேச்சு நடக்கும்போதும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். எனவே முதலில் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனுவைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள். ஒத்துக்கொண்டதை ஊர்க்கூட்ட வாய்ப்பேச்சாக விடாமல் தீர்ப்பாய உத்தரவில் பதியவையுங்கள். பேச உட்காருமுன், அந்தப் பண்ணைக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, காலாவதியானதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பதிவில்லாத பண்ணைக்காரர் இறங்கி வருவார்.